பிள்ளையோட செஸ் எந்த லெவல், எங்க மாட்டுது? அறிகுறி பாத்து சரி பண்ற வழி

பசங்களுக்கு செஸ் சொல்லித் தர்ற என்கிட்ட பேரண்ட்ஸ் கேக்குறதுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "எங்க பையன் ஆன்லைன் செஸ் ரேட்டிங் 850, இது நல்ல லெவலா, எப்படி ஏத்துறது?" ஜெயிச்சா ஏறி தோத்தா இறங்குற அந்த நம்பர மட்டும் வச்சு என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. ஏன்னா 850ல இருக்குற ரெண்டு பசங்க சுத்தமா வேற வேற காரணத்துக்காக தோத்துட்டு இருப்பாங்க, ஒருத்தன் நாலு நிமிஷத்துல ராணி யானை எல்லாத்தையும் குடுத்துட்டு எழுந்து போவான், இன்னொருத்தி நாப்பது மூவ் அழகா ஆடிட்டு கடைசில ராணிய கையில வச்சுக்கிட்டே மேட் போடத் தெரியாம டிரா பண்ணிட்டு வருவா. ரெண்டு பேருக்கும் ஒரே கோர்ஸ் வாங்கிக் குடுத்தா ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்ல. எப்படி தோக்குறாங்கன்னு பாத்தாத்தான் லெவல் தெரியும். கீழ ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணம் முதல்ல, காசு செலவாகுறது கடைசில.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இது

கடைசியா தோத்த பத்து கேம் எடுங்க. ஆன்லைன்னா தானா சேவ் ஆகியிருக்கும், போர்டுல ஆடுனதுன்னா ஸ்கோர் ஷீட் (மூவ்கள எழுதி வச்ச தாள்) வேணும். 3 நிமிஷம் 5 நிமிஷம் பிளிட்ஸ் கேம எடுக்காதீங்க, அதுல எல்லாரும் எல்லா தப்பும் பண்ணுவாங்க. ஆளுக்கு 10 நிமிஷமாவது இருந்த கேமா இருக்கணும்.

ஒவ்வொரு கேமுக்கும் ஒரு வரி எழுதுங்க. எத்தனாவது மூவ்ல நிலைமை கெட்டுச்சு, அப்ப என்ன நடந்துச்சு (காய் சும்மா போச்சா, மேட் பாக்கலயா, கடைசில சொதப்பலா), தோத்தப்ப கடிகாரத்துல எவ்ளோ நேரம் மிச்சம் இருந்துச்சு. நேரம் மிச்சம்ன்றத எல்லாரும் எழுதாம விட்டுடுறாங்க, பாதி கேஸுக்கு விடையே அதுலதான் இருக்கும். இன்ஜின (சரியான மூவ் எதுன்னு காட்டுற கம்ப்யூட்டர் புரோகிராம்) ஆன் பண்ணாதீங்க, பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு அவங்க வாயால சொல்ல வைங்க. உங்களுக்கு செஸ் அவ்வளவா தெரியாட்டியும் பரவால்ல, "இங்க என்னடா ஆச்சு"ன்னு கேக்கத் தெரிஞ்சா போதும்.

பத்து வரியில ஆறு ஏழு வரி ஒரே மாதிரி இருந்தா அதான் உங்க அறிகுறி, அந்த தலைப்புக்கு போங்க.

அறிகுறி: ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு நம்பர் காட்டுது, எது நிஜ லெவல்னு தெரியல

இது பிள்ளையோட கோளாறு இல்ல, அளக்குற விதம் அப்படி.

லிசெஸ், செஸ் டாட் காம் ரெண்டும் ஆன்லைன்ல செஸ் ஆடுற சைட்டு. லிசெஸ்ல புதுசா வர்ற எல்லாரும் 1500லதான் ஆரம்பிக்கிறாங்க, கொஞ்ச கேம் ஆகுற வரைக்கும் நம்பர் பக்கத்துல ஒரு கேள்விக்குறி நிக்கும், அது நிக்குற வரைக்கும் அந்த நம்பர நம்பாதீங்க. செஸ் டாட் காம்ல அக்கவுண்ட் திறக்கும்போது நாம எந்த லெவல்னு கிளிக் பண்றோமோ அத வச்சு ஆரம்பிக்குது. ஆரம்ப லெவல்ல லிசெஸ் நம்பர் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும், அதனால ஒரே பிள்ளை செஸ் டாட் காம்ல 1000, லிசெஸ்ல 1300ன்னு நின்னா ரெண்டுமே சரிதான், ஆடுற கூட்டம் வேற. பஸில் (ஒரு நிலைய குடுத்து சரியான மூவ கண்டுபிடிக்கச் சொல்றது) ரேட்டிங் இன்னும் தனி, அது கேம் ரேட்டிங்க விட பல நூறு கூடவே இருக்கும், அத லெவல்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. பாட்ட (சைட்டுல நம்மகூட ஆடுற கம்ப்யூட்டர் ஆள்) ஜெயிச்சதும் கணக்குல வராது, குறைஞ்ச லெவல் பாட்டெல்லாம் நடுவுல வேணும்னே ஒரு காய விட்டுக் குடுக்குற மாதிரி பண்ணி வச்சது, மனுஷன் அப்படி தப்பு பண்ண மாட்டான்.

ஃபிடே (உலக செஸ் அமைப்பு) ரேட்டிங் இன்னும் வரலன்னு கவலைப்படுறவங்களுக்கு, 2024 மார்ச்லருந்து அதுல குறைஞ்சபட்ச நம்பரே 1400, அதுக்குக் கீழ இருந்தா லிஸ்ட்லயே பேர் வராது. ரேட்டிங் இருக்குற ஆளுங்களோட அஞ்சு கேமாவது ஆடி முடிச்சிருக்கணும். ஆரம்பிச்சு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆன பிள்ளைக்கு ஃபிடே ரேட்டிங் இல்லன்றது ரொம்ப சாதாரணம்.

செக் பண்றது எப்படின்னா, ஒரே சைட்டு, ஒரே டைம், 10 நிமிஷமோ 15 நிமிஷமோ, ஒரு முப்பது கேம் ஆட விட்டு அப்புறம் பாருங்க. 200 பாயின்ட் வித்தியாசம்னா மேல இருக்குறவங்க சராசரியா நாலு கேமுக்கு மூணு பாயின்ட் எடுப்பாங்க, 400 வித்தியாசம்னா பத்துக்கு ஒம்போது. அப்ப ஒரு சனிக்கிழமை 40 பாயின்ட் இறங்குனதுக்கு வீட்ல பஞ்சாயத்து வைக்கிறதுல அர்த்தமே இல்ல, அது சும்மா ஏறி இறங்குறது.

நம்பரே இல்லாம லெவல் பாக்கணும்னா இந்த டெஸ்ட் போதும். ராஜா ராணி ஒரு பக்கம், வெறும் ராஜா இன்னொரு பக்கம், நீங்க வெறும் ராஜாவ எடுத்துக்கோங்க. ஸ்டேல்மேட் (செக் இல்லாமலே எதிராளிக்கு ஆட மூவே இல்லாம போய் டிரா ஆகுறது) ஆகாம பிள்ளை மேட் போடுதா? சரியா ஆடுனா எந்த நிலையிலருந்தும் 10 மூவ்ல முடியும், பிள்ளை 20 எடுத்தாலும் பாஸ்தான். அடுத்து ராணிக்கு பதில் யானை, இது சரியா ஆடுனா 16 மூவ், பிள்ளைக்கு 30 வரைக்கும் விடுங்க. அடுத்து வெள்ளை ராஜா ஈ4, வெள்ளை சிப்பாய் ஈ3, கருப்பு ராஜா ஈ6 (எழுத்து நெடுக்கு வரிசை, நம்பர் குறுக்கு வரிசை). வெள்ளை மூவ்னா என்ன ஆகும், கருப்பு மூவ்னா என்ன ஆகும்னு கேளுங்க. வெள்ளை மூவ்னா டிரா, கருப்பு மூவ்னா வெள்ளை ஜெயிக்கும். இத ஆடிக் காட்டத் தெரிஞ்ச பிள்ளை ஆரம்ப நிலைய தாண்டிடுச்சுன்னு தைரியமா சொல்லலாம். முதல் டெஸ்ட்லயே நின்னாலும் பயப்பட ஒண்ணும் இல்ல, ஒரு வாரத்துல சரியாகிற விஷயம் அது.

இந்த அறிகுறிக்கு கோச் தேவையே இல்ல.

அறிகுறி: காய சும்மா சும்மா வெட்டு குடுக்குறாங்க

பெரும்பாலான கேஸ் இதுதான், அதனால இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்குறேன்.

*கேம் முடியும்போது கடிகாரத்துல பாதிக்கு மேல நேரம் மிச்சம் இருக்கா?*

இருந்தா வேற எதையும் தேடாதீங்க, வேகம்தான் காரணம். 10 நிமிஷ கேம்ல 7 நிமிஷம் மிச்சம் வச்சு தோக்குற பிள்ளைக்கு எந்த புக்கும் எந்த கிளாஸும் உதவாது, ஏன்னா அவங்க தெரிஞ்சதயே யூஸ் பண்ணல. பிளிட்ஸ நிறுத்துங்க, முழுசா நிறுத்த முடியலன்னா வாரத்துல ஒரு நாள்னு வைங்க. 15 நிமிஷம், மூவுக்கு 10 செகண்ட் கூடுற மாதிரி கேம் வைங்க, ஒரு நாளைக்கு ஒண்ணோ ரெண்டோ போதும். போர்டுல ஆடும்போது கைய தொடைக்கு கீழ வச்சுக்க சொல்லுங்க, யோசிச்சு முடிச்சப்புறம்தான் கை வெளிய வரணும், சின்னப் பசங்களுக்கு இது நிஜமாவே வேலை செய்யுது. மூவ முதல்ல பேப்பர்ல எழுதிட்டு அப்புறம் ஆடுன்னு பழைய முறையில சில பேர் சொல்லித் தருவாங்க, அத பழக்காதீங்க, ஃபிடே விதிப்படி மூவ முன்கூட்டியே எழுதக் கூடாது, போட்டில ஆர்பிட்டர் (நடுவர்) வந்து நிறுத்துவார், அங்க பிள்ளை பதறும்.

*நேரம் எடுத்து ஆடியும் காய் போகுதா?*

அடுத்த செக். கேமுக்கு நடுவுல, எதிராளி மூவ் வச்ச உடனே நிறுத்தி "இத எதுக்கு இங்க வச்சாங்க?"ன்னு கேளுங்க. இங்கதான் வழி ரெண்டா பிரியுது.

கேட்டா சரியா சொல்றாங்க, கேக்காட்டி பாக்குறது இல்லன்னா இது வெறும் பழக்கம். தன்னோட பிளான்லயே மூழ்கி இருக்காங்க, எதிராளி வச்ச மூவ் அவங்க கண்ணுக்கு ஒரு இடைஞ்சல் மாதிரி. ரெண்டு கேள்விய ஒரு சின்ன அட்டையில எழுதி போர்டு பக்கத்துல வைங்க, "அவங்க எத மிரட்டுறாங்க? நான் வைக்கப் போற இடத்துல என் காய வெட்ட முடியுமா?" வீட்ல ஆடும்போது மட்டும்தான் அட்டை, போட்டில அனுமதி கிடையாது, அதுக்குள்ள வாய்ல வந்துடணும். இது ஒரு நாள் ரெண்டு நாள்ல வராது, மாசக்கணக்குல வர்ற பழக்கம், நடுவுல "எத்தன தடவ சொல்றது"ன்னு கத்துனா அதுவரைக்கும் வந்ததும் போயிடும்.

கேட்டும் சொல்லத் தெரியலன்னா, கண்ணுக்கு அந்த கோடே தெரியலன்னு அர்த்தம். அப்ப கீழ உள்ளதுக்கு போங்க.

*எந்தக் காய் வந்து வெட்டுது?*

இத யாரும் பிரிச்சு பாக்குறதே இல்ல, பாத்தீங்கன்னா ஆச்சரியப்படுவீங்க. பத்து கேம்ல சும்மா போன காய்கள எல்லாம் எடுத்து, எதிராளியோட எந்தக் காய் வெட்டுச்சுன்னு எழுதுங்க.

தூரத்துலருந்து பிஷப்போ ராணியோ வந்து வெட்டுதுன்னா மூலைவிட்டம் கண்ணுல படல. காலி போர்டுல நடு கட்டத்துல, டி4ல ஒரு பிஷப்ப வச்சு, அது போகக் கூடிய எல்லா கட்டத்துலயும் ஒரு பட்டன் வைக்க சொல்லுங்க, 13 வரணும். நிறைய பசங்க முன்னாடி போற பக்கத்த சரியா வச்சுட்டு பின்னாடி வர்ற பக்கத்த விட்டுடுவாங்க, கேம்லயும் அதே இடத்துலதான் காய் போகும். ராணிக்கு அதே இடத்துல 27.

குதிரை வந்து வெட்டுதுன்னா, இல்ல ராஜாவையும் ராணியையும் சேத்து ஃபோர்க் போடுதுன்னா (ஒரே மூவ்ல ரெண்டையும் மிரட்டுறது), குதிரைப் பயிற்சி. ஏ1ல குதிரைய வச்சு எச்8க்கு கொண்டு போகச் சொல்லுங்க, 6 மூவ்தான் குறைஞ்சது. அப்புறம் நடுவுல நாலஞ்சு சிப்பாய வச்சு, அதுங்க வெட்டுற கட்டத்துல இறங்காம போகச் சொல்லுங்க. தினம் அஞ்சு நிமிஷம் போதும்.

சிப்பாய் வெட்டுதுன்னா பழையபடி வேகம்தான், முதல் செக்குக்கு திரும்பிப் போங்க.

*சப்போர்ட் இருந்த காய்தான், ஆனாலும் நஷ்டமா?*

கணக்கு தப்பு. சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9, இது பசங்களுக்கு தெரியும், ஆனா வரிசையா வெட்டும்போது கூட்டத் தெரியாது. உதாரணத்துக்கு எதிராளியோட ஒரு சிப்பாய்க்கு இன்னொரு சிப்பாய் சப்போர்ட், நம்ம பக்கம் யானையும் ராணியும் அத பாக்குது. "நாம ரெண்டு பேர், அவங்க ஒருத்தர்"னு சொல்லி யானையால வெட்டுவாங்க, சிப்பாய் யானைய வெட்டும், ராணி அந்த சிப்பாய வெட்டும். கிடைச்சது 2, குடுத்தது 5. தலைய மட்டும் எண்ணாம, யார் முதல்ல போறாங்கன்னும் பாக்கணும்னு இந்த ஒரு நிலைய வச்சே புரிய வைக்கலாம்.

*எப்ப வெளி ஆள்கிட்ட போகணும்?*

மேல சொன்னத ரெண்டு மூணு மாசம் விடாம பண்ணியும் மாறலன்னா ஒரு கோச் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். ஆனா பிள்ளை போர்டு மேல ரொம்ப குனிஞ்சு பாக்குது, பக்கத்து கட்டத்துல மாத்தி வைக்குது, ஸ்கோர் ஷீட்ல சி எழுத வேண்டிய இடத்துல அடிக்கடி டின்னு எழுதுதுன்னா முதல்ல கண் டாக்டர்கிட்ட காட்டுங்க, கோச்சுக்கு அப்புறம் போகலாம். ஸ்கூல்லயும் வீட்லயும் எதுலயுமே கொஞ்ச நேரம் கூட கவனம் நிக்கலன்னா குழந்தை டாக்டர்கிட்ட சொல்லுங்க, அத செஸ்ஸ வச்சு சரி பண்ணப் பாக்காதீங்க.

அறிகுறி: பத்து மூவுக்குள்ள தோத்துடுறாங்க

பெரும்பாலும் எஃப்7 கட்டம், வெள்ளையா இருந்தா எஃப்2. ராஜா மட்டும் காவல் காக்குற கட்டம் அது, ராணியும் பிஷப்பும் சேந்து வந்தா நாலாவது மூவ்ல மேட்.

செக் பண்ண, நீங்களே வெள்ளை எடுத்து ஈ4 வைங்க, பிள்ளை ஈ5 வைக்கட்டும், உங்க ராணிய எச்5க்கு கொண்டு வாங்க. குதிரைய சி6ல வச்சு ஈ5 சிப்பாய காப்பாத்துனா சரி. அடுத்து நீங்க பிஷப்ப சி4ல வைங்க, இப்ப ஜி6ன்னு சிப்பாய தள்ளி ராணிய விரட்டணும், குதிரைய எஃப்6ல வச்சா மேட். ராணி எஃப்3க்கு வந்து திரும்பவும் மிரட்டும், இப்ப குதிரை எஃப்6 கரெக்ட். அடுத்தடுத்து மூணு நாள் ஆடிக் காட்டுனா போதும், வாழ்க்கை முழுக்க திரும்ப இதுல விழ மாட்டாங்க.

இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. பிள்ளையே இந்த நாலு மூவ் மேட்ட வச்சு மத்தவங்கள ஜெயிச்சுட்டு இருந்தா அதுவும் கோளாறுதான். தடுக்கத் தெரிஞ்ச ஆளுங்க கிட்ட வந்து சேந்ததும் ராணிய வெளிய கொண்டு வந்து விரட்டு வாங்கியே தோப்பாங்க, ஏன் தோக்குறோம்னே புரியாது. நடு சிப்பாய், ரெண்டு குதிரை, ரெண்டு பிஷப், கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகத்தி ராஜாவ பத்திரமா வைக்கிறது), அப்புறம்தான் ராணின்னு ஒரு மாசம் கட்டாயமா ஆட விடுங்க, அந்த மாசம் ரேட்டிங் கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும்.

ஓபனிங் (ஆட்டத்தோட ஆரம்ப மூவ்கள்) கோர்ஸ் இந்த கட்டத்துல வேண்டாம். இருபது மூவ் மனப்பாடம் பண்ணி வர்ற பிள்ளைக்கு எதிராளி மூணாவது மூவ்லயே வேற ஆடுவான், இந்த லெவல்ல யாரும் புக்குல உள்ளபடி ஆடுறது இல்ல.

அறிகுறி: பஸில்ல பின்றாங்க, கேம்ல ஒண்ணும் வரல

பஸில் வந்தாலே "இங்க ஏதோ இருக்கு"ன்னு சொல்லிட்டுத்தான் வருது. கேம்ல யாரும் வந்து தோள தட்டி சொல்ல மாட்டாங்க.

முதல் காரணம், கெஸ் பண்றது. ஒரு பஸிலுக்கு எவ்ளோ நேரம் எடுக்குறாங்கன்னு பாருங்க, அஞ்சு செகண்டுல செக் குடுக்குற மூவ தட்டி பாத்து, தப்புன்னா அடுத்தத தட்டுறாங்கன்னா அது பயிற்சியே இல்ல. நேரம் ஓடுற பஸில் கேம் எல்லாத்தையும் நிறுத்திட்டு, ஒரு நாளைக்கு பத்து பஸில், ஆனா ஒவ்வொண்ணுலயும் முழு வரிசையையும் வாயால சொல்லிட்டுத்தான் மவுஸ தொடணும், "நான் இத வைப்பேன், அவன் இத வெட்டுவான், நான் அங்க செக்"னு. எதிராளி பதிலையும் சேத்து சொல்லணும், அதான் முக்கியம்.

ரெண்டாவது காரணம், பஸில் பெரும்பாலும் நாம அடிக்கிற மாதிரியே இருக்கும், தடுக்குற மாதிரி ரொம்ப குறைவு. அதனால பிள்ளையோட சொந்த கேம்லருந்தே நிலைகள எடுங்க, சிலதுல ஏதோ ஒரு அடி இருக்கணும், சிலதுல ஒண்ணுமே இருக்கக் கூடாது, சிலதுல எதிராளியோட மிரட்டல கண்டுபிடிச்சு தடுக்கணும். எது எதுன்னு சொல்லாம குடுங்க. இது கொஞ்சம் வேலை பிடிக்கும்தான், ஆனா நான் பாத்த வரைக்கும் இதுக்கு ஈடா வேற பயிற்சி இல்ல.

கையால எடுக்க முடியலன்னா இந்த ஒரு வேலைய கோச்ச விட்டு செய்யலாம், காசுக்கு தகுந்த வேலை.

அறிகுறி: ஜெயிக்கிற கேம கோட்டை விடுறாங்க

ராணி எக்ஸ்ட்ரா, யானை எக்ஸ்ட்ரா, ஆனா டிரா. ஸ்டேல்மேட்டா, ஒரே நிலை மூணு தடவ வந்துச்சா, இல்ல மேட் போடவே தெரியலயான்னு பாருங்க. ஸ்டேல்மேட்னா ஒவ்வொரு மூவுக்கும் முன்னாடி "அவங்க ராஜாவுக்கு நகர இடம் இருக்கா"ன்னு கேக்குற பழக்கம் மட்டும்தான். மேட் தெரியலன்னா ரெண்டு யானை வச்சு படிப்படியா தள்ளுறது, ராணி ராஜா, யானை ராஜா, இந்த வரிசையில, ஒவ்வொண்ணும் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வர்ற வரைக்கும்.

மேட் தெரிஞ்சும் கோட்டை விட்டா, காய் அதிகம் இருக்கும்போது மாத்திக்கத் தெரியல. யானை எக்ஸ்ட்ரா இருந்தா மத்த காய்கள மாத்தி மாத்தி போர்ட காலி பண்ணணும், ஆனா பசங்க இன்னும் அட்டாக் பண்ணுவோம்னு போய் மாட்டிக்குவாங்க. இங்க ராஜா சிப்பாய் எண்ட்கேம் (ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிச்சம் இருக்குற கடைசி கட்டம்) சொல்லிக் குடுங்க. அது போரடிக்குதுன்னு சொல்ற பிள்ளைக்கு 2024 உலக சாம்பியன்ஷிப்போட கடைசி கேம காட்டுங்க, 14வது கேம், டிராவ நோக்கி போயிட்டு இருந்த நிலையில அப்ப சாம்பியனா இருந்த டிங் லிரென் 55வது மூவ்ல யானைய எஃப்2ல வச்சார், குகேஷ் யானையையும் பிஷப்பையும் மாத்திட்டு ராஜா சிப்பாய் எண்ட்கேமுக்கு கொண்டு போனாலே ஜெயிக்கிற நிலை, பட்டம் கை மாறிடுச்சு. உலக சாம்பியன் யாருன்னு முடிவு பண்ணதே அந்த ராஜா சிப்பாய் கணக்குதான்னு சொன்னா பசங்க உக்காந்து பாக்குறாங்க.

அறிகுறி: வீட்ல நல்லா ஆடுறாங்க, போட்டிக்கு போனா தோல்வி

செலவில்லாத காரணத்துலருந்து வருவோம்.

தூக்கம், சாப்பாடு, ரவுண்டுக்கு நடுவுல ஓய்வு. முதல் ரெண்டு ரவுண்டு ஜெயிச்சு கடைசி ரவுண்டுகள்ல மட்டும் தோத்தா அது செஸ் பிரச்சனை இல்ல, களைப்பு. ரவுண்டுக்கு நடுவுல போன்ல பிளிட்ஸ் ஆடுறத நிறுத்துங்க, தண்ணி குடிச்சுட்டு கொஞ்சம் நடக்கட்டும்.

அடுத்து ஸ்கிரீன். ஸ்கிரீன்லயே பழகுன கண்ணுக்கு நிஜ போர்டுல காய் நிமிந்து நிக்குறது வேற மாதிரி தெரியும், பக்கவாட்டு பிஷப் மறைஞ்சிடும். வீட்ல ஆன்லைன் கேம் ஆடும்போதே பக்கத்துல போர்டு வச்சு அதுல யோசிச்சுட்டு ஸ்கிரீன்ல வைக்க சொல்லுங்க.

அடுத்து விதிகள். ஆன்லைன்ல தப்பான மூவ் வைக்கவே விடாது, போர்டுல யாரும் தடுக்க மாட்டாங்க. தொட்ட காய ஆடியே ஆகணும். கேஸ்லிங்ல ராஜாவத்தான் முதல்ல தொடணும், யானைய தொட்டுட்டா அந்தப் பக்கம் கேஸ்லிங் போச்சு. காய் நகத்துன அதே கையாலதான் கடிகாரத்த அமுக்கணும். விதிக்கு மாறான மூவ் வச்சு கடிகாரத்த அமுக்கிட்டா, நீண்ட நேர ஆட்டத்துல முதல் தடவைக்கு எதிராளிக்கு 2 நிமிஷம் கூட்டிக் குடுப்பாங்க, ரெண்டாவது தடவ கேமே போயிடும். பிரச்சனைன்னா கடிகாரத்த நிறுத்திட்டு கை தூக்கி ஆர்பிட்டர கூப்பிடலாம்னு பிள்ளைக்கு சொல்லி வைங்க, பயந்துகிட்டு பேசாம இருந்தே கேம விட்ட பசங்க நிறைய பேர நான் பாத்திருக்கேன். ஒரு சனி ஞாயிறு வீட்லயே முழு விதியோட, கடிகாரம் ஸ்கோர் ஷீட் எல்லாம் வச்சு ரெண்டு மூணு கேம் ஆடுனா இதுல முக்காவாசி சரியாகிடும்.

இன்னொண்ணு, நேரம். வீட்ல எப்பவும் 10 நிமிஷ கேம், போட்டில ஒரு மணி நேரத்துக்கு மேலன்னா பிள்ளை 15 நிமிஷத்துல ஆடி முடிச்சுட்டு வெளிய வந்துடும். போட்டிக்கு ரெண்டு வாரம் முன்னாடிலருந்து அதே நேரத்துல பழகுங்க.

கடைசியா நம்ம முகம். கதவ திறந்து வெளிய வந்ததும் பிள்ளை முதல்ல பாக்குறது அதத்தான், ரிசல்ட்ட கேட்டுட்டு நம்ம முகம் மாறுறத பாத்தா அடுத்த ரவுண்டு அந்த முகத்துக்கு பயந்துதான் ஆடும்.

வெளி ஆள்கிட்ட போக வேண்டிய இடம்: போட்டிக்கு முன்னாடி நாள் தூக்கமே வரல, ஒவ்வொரு தடவையும் வயித்து வலி, வாந்தின்னா கொஞ்ச நாள் போட்டிய நிறுத்திட்டு டாக்டர பாருங்க, தேவைப்பட்டா குழந்தைகளுக்கான கவுன்சலர். கோச்ச மாத்துறதுனால இது சரியாகாது.

அறிகுறி: தோத்தா அழுறாங்க, இல்ல போர்டு பக்கமே வர மாட்டேங்குறாங்க

முதல்ல எதிராளிங்க யாருன்னு பாருங்க. தன்ன விட 400 பாயின்ட் மேல இருக்குறவங்களோடயே ஆட விட்டா பத்துல ஒம்போது தோல்விதான், எந்தப் பிள்ளையும் தாங்காது. பாதி சம லெவல், கொஞ்சம் கீழ, கொஞ்சம் மேலன்னு கலந்து வைங்க.

தோத்த உடனே கேம அலசாதீங்க. அன்னைக்கு சாயங்காலமோ மறுநாளோ பாத்துக்கலாம், ஸ்கோர் ஷீட் எங்கயும் ஓடிடாது. அலசும்போதும் நல்லா ஆடுன ஒரு மூவ முதல்ல பிள்ளையே தேடிச் சொல்லட்டும், தப்புக்கு அப்புறம் வருவோம்.

இதெல்லாம் பண்ணியும் வேணாம்னா விடுங்க. ஒரு மாசம் ரெண்டு மாசம் இடைவெளி விட்டா கத்துக்கிட்டது மறந்துடாது, கொஞ்சம் துரு பிடிக்கும், திரும்ப ஆடுனா வந்துடும். கட்டாயப்படுத்தி ஆட வச்ச பிள்ளைங்கதான் மொத்தமா விட்டுட்டு போகுது.

அறிகுறி: மாசக்கணக்கா நம்பர் அசையவே இல்ல

இத கடைசில வச்சதுக்கு காரணம், இதுதான் காசு செலவாகுற அறிகுறி, மேல உள்ளத எல்லாம் தாண்டிட்டுத்தான் இங்க வரணும்.

முதல்ல ஒரு வாரத்துக்கு எவ்ளோ நேரம் எதுல போகுதுன்னு எழுதுங்க. பெரும்பாலும் ஏழு மணி நேரத்துல ஆறு மணி நேரம் வெறும் ஆட்டம், மிச்சம் யூடியூப், தன்னோட கேம திருப்பிப் பாக்குறது பூஜ்யம்னு இருக்கும். ஆடுறதுல பாதிய குறைச்சு அந்த நேரத்த பஸிலுக்கும் சொந்த கேம் பாக்குறதுக்கும் மாத்துங்க, நேரத்த கூட்ட வேண்டாம்.

கேம் பாக்குறாங்க ஆனா முன்னேற்றம் இல்லன்னா எப்படி பாக்குறாங்கன்னு கவனிங்க. இன்ஜின் பச்சை அம்பு காட்டும், "ஓ இதா"ன்னு அடுத்த மூவுக்கு போயிடுவாங்க, தலையில எதுவும் நிக்காது. முதல்ல இன்ஜின் இல்லாம, எந்த மூவ்ல கெட்டுச்சு, அப்ப என்ன நினைச்சேன்னு பிள்ளை எழுதணும். அப்புறம் இன்ஜின ஆன் பண்ணி அந்த இடம் சரியான்னு மட்டும் பாக்கணும். அக்யூரசி (மூவ்கள் எவ்ளோ சரின்னு இன்ஜின் போடுற மார்க்) 85 வந்துச்சா 90 வந்துச்சான்னு பாக்காதீங்க, எதிராளி சீக்கிரம் விழுந்த ஈசியான கேம்ல யாருக்கும் அது அதிகமாத்தான் வரும்.

மூணாவது, ஓபனிங்க மாத்திக்கிட்டே இருக்குறது. வெள்ளைக்கு ஒண்ணு, கருப்புக்கு ஈ4க்கு ஒண்ணு, டி4க்கு ஒண்ணு, ஒரு வருஷத்துக்கு அதே.

இப்ப தோத்த பத்து கேம புதுசா எடுத்து பாருங்க. அதே பழைய காரணம்தான் நிறைய இருந்தா கோச் வேண்டாம், அந்த தலைப்புக்கே திரும்பப் போங்க. காய் சும்மா போகல, மேட் விடல, முப்பது நாப்பது மூவ் வரைக்கும் சமமா இருந்து மெதுவா கெடுது, ஏன்னு பிள்ளைக்கும் தெரியல உங்களுக்கும் தெரியல, இப்படி இருந்தா இப்ப கோச் வைங்க. இதுக்கு மேல பிளான் போடுறது, சிப்பாய் அமைப்பு, எந்தக் காய எதோட மாத்துறதுன்ற விஷயம், இத வீட்ல உக்காந்து பேரண்ட் கண்டுபிடிக்க முடியாது.

கோச் தேடும்போது டைட்டில பாத்து மயங்காதீங்க. 1000 சுத்தி இருக்குற பிள்ளைக்கு கிராண்ட்மாஸ்டர் தேவையில்ல, அந்த வயசு பசங்களோட பொறுமையா உக்காரத் தெரிஞ்ச ஒரு நல்ல ஆட்டக்காரர் போதும். டிரையல் கிளாஸ் கேளுங்க, உங்க பத்து கேம் லிஸ்ட்ட குடுங்க. அத வாங்கி பாத்து "இந்த மூவ்ல என்ன யோசிச்ச?"ன்னு பிள்ளைகிட்ட கேக்குறவர வச்சுக்கலாம். லிஸ்ட்ட ஓரமா வச்சுட்டு எல்லாருக்கும் நடத்துற அதே ஓபனிங் பாடத்த ஆரம்பிக்கிறவர்னா அடுத்த ஆள பாருங்க. சேத்தப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ தோத்த கேம்கள எடுத்து காரணம் மாறியிருக்கான்னு நீங்களே பாருங்க. நம்பர் ஏறாம காரணம் மட்டும் மாறியிருந்தாலும் கிளாஸ் வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம், தொடரலாம்.